புது எலெக்ட்ரிக் காரும் கையில இருக்கற போனும்: முதல் வாரத்துலயே செஞ்சு முடிச்சிட வேண்டியது

டெலிவரி எடுக்கற அன்னைக்கு ஷோரூம்ல இருக்கறவர் ஸ்க்ரீனை மேலயும் கீழயும் தள்ளி பத்து நிமிஷத்துல எல்லாத்தையும் காட்டி முடிச்சிடுவார், நாமளும் சரி சரின்னு தலையாட்டிட்டு வந்துடுவோம், வீட்டுக்கு வந்து வண்டியில தனியா உக்காந்து பாத்தா ஒண்ணுமே ஞாபகத்துல இருக்காது. தெரிஞ்சவங்க யாராவது ஈவி, அதாவது எலெக்ட்ரிக் கார் எடுத்தா ரெண்டு நாள்ல எனக்கு போன் வரும். போன் கனெக்ட் ஆகுது ஆனா மேப் வரலை, மேப் வருது ஆனா சார்ஜ் எவ்ளோ மிச்சம் இருக்கும்னு காட்டலை, ஆப்ல வண்டி நேத்து நின்ன இடத்துலயே நிக்குது, இப்படி. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிச்சு போச்சு, அதனால மொத்தமா எழுதி வெச்சிடறேன்.

எதையும் தொடறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் மண்டையில ஏறணும். அந்த பெரிய ஸ்க்ரீனையும் உங்க போனையும் சுத்தி மூணு வேற வேற சாஃப்ட்வேர் ஓடுது, மூணுக்கும் வேற வேற வேலை, ஒண்ணு செய்யறது இன்னொண்ணுக்கு பெரும்பாலும் தெரியாது.

முதலாவது காரோட சொந்த சாஃப்ட்வேர். பேட்டரி, ஏசி, சார்ஜிங், கேமரா எல்லாம் இதுக்குத்தான் தெரியும். ரெண்டாவது போனை கார் ஸ்க்ரீன்ல காட்டறது, ஐபோனுக்கு கார்ப்ளே, ஆண்ட்ராய்டு போனுக்கு ஆண்ட்ராய்டு ஆட்டோ. இதுல ஆப் எல்லாம் போன்லயேதான் ஓடுது, காருக்கு வர்றது வீடியோ மாதிரி ஒரு படமும் சத்தமும்தான், நீங்க ஸ்க்ரீனை தொட்டா அந்த தொடுதல் போனுக்கு திரும்பி போகுது, அவ்ளோதான். மூணாவது கார் கம்பெனியோட ஆப். இது காரோட நேரா பேசறது ரொம்ப கம்மி, ஆப் கம்பெனி சர்வர்கிட்ட பேசும், சர்வர் காருக்குள்ள இருக்கற சிம்கிட்ட பேசும், அது காரை எழுப்பி பதில் வாங்கி அதே வழியில திரும்பி வரும். அதான் ஏசி ஆன் பண்ண சொன்னா சில சமயம் அரை நிமிஷம் சுத்திக்கிட்டே இருக்கு. எது ஓடலைன்னாலும் முதல்ல "இது மூணுல எதோட வேலை"ன்னு கேட்டுக்கோங்க, பாதி பிரச்சனை அங்கயே புரிஞ்சிடும்.

பேர் குழப்பம் ஒண்ணு இருக்கு, அதையும் இப்பவே தீத்துக்கலாம். ஆண்ட்ராய்டு ஆட்டோ வேற, ஆண்ட்ராய்டு ஆட்டோமோட்டிவ் வேற. ஆட்டோன்னா போன்ல ஓடி கார்ல தெரியறது. ஆட்டோமோட்டிவ்னா காருக்குள்ளயே போடற ஆபரேட்டிங் சிஸ்டம், போனே இல்லாம ஓடும், 2020ல வந்த போல்ஸ்டார் 2தான் இதோட வந்த முதல் கார். கூகுளுக்கு பேர் வைக்க ஆள் கிடைக்கலை போல.

இன்னும் வாங்கலைன்னா ஒரு வார்த்தை. எல்லா ஈவியிலயும் கார்ப்ளே இருக்கும்னு நினைச்சுக்காதீங்க. டெஸ்லாவும் ரிவியனும் பல வருஷமா அதை உள்ள விடாமலே வண்டி வித்தாங்க, ஜெனரல் மோட்டார்ஸ் 2023ல இனி வர்ற ஈவிகள்ல கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ ரெண்டையும் குடுக்கறதில்லைன்னு அறிவிச்சாங்க. அவங்க சொல்ற காரணத்துல ஞாயம் கொஞ்சம் இருக்கு, அது ஏன்னு மேப் விஷயம் வரும்போது சொல்றேன். ஆனா தினமும் கார்ப்ளே பழகின கைக்கு அது இல்லாத வண்டி முதல் மாசம் கடுப்பா இருக்கும், டெஸ்ட் டிரைவ் போகும்போதே உங்க சொந்த போனை போட்டு பாத்துடுங்க.

முதல் வேலை அக்கவுன்ட்

எல்லாரும் வண்டியில உக்காந்ததும் ப்ளூடூத்தைத்தான் தேடுவாங்க. அது அப்புறம். முதல்ல கம்பெனி ஆப்பை போட்டு உங்க சொந்த ஈமெயில்ல அக்கவுன்ட் திறந்து வண்டியை உங்க பேர்ல சேருங்க, ஷோரூம்காரர் "நானே பண்ணி தரேன்"னு அவர் ஈமெயில்ல பண்ண வந்தா வேணாம்னு சொல்லிடுங்க, முதன்மை ஓனர் யாரோ அவங்களாலதான் மத்தவங்களை சேர்க்கவும் நீக்கவும் முடியும், பின்னாடி அதை மாத்த அலையறது பெரிய வேலை.

பழைய வண்டி வாங்கறவங்க இதை ரெண்டு தடவை படிங்க. என் நண்பர் ஒருத்தர் செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஈவி எடுத்தார், ராத்திரி நிறுத்தி வெச்ச வண்டியில ஏசி தானா ஓடுது, லைட் எரியுது, பேய் பிடிச்ச மாதிரி. ஒரு வாரம் கழிச்சுதான் தெரிஞ்சுது, பழைய ஓனரோட ஆப்ல வண்டி இன்னும் இருக்கு, அவர் வீட்டு பசங்க ஆப்பை நோண்டியிருக்காங்க. விளையாட்டா போச்சு, ஆனா அந்த ஆப்ல வண்டி எங்க நிக்குதுன்னும் தெரியும், கதவும் திறக்கும்.

அக்கவுன்ட் போடும்போதே கனெக்டட் சர்வீஸ், அதாவது வண்டி நெட் வழியா ஆப்போட பேசற சேவை, எத்தனை வருஷம் இலவசம், முடிஞ்சா எதெல்லாம் நிக்கும்னு பாத்துடுங்க. சில வண்டியில ஆப்பே நின்னுடும், சிலதுல மேப்ல வர்ற ட்ராஃபிக் விவரம் மட்டும் நின்னுடும். வண்டி எந்த நெட்வொர்க்ல பேசுதுன்னும் கேளுங்க, பழைய வண்டின்னா கண்டிப்பா கேளுங்க. பிரிட்டன்ல 2016க்கு முன்னாடி வந்த நிஸான் லீஃப் வண்டிகள் 2ஜிங்கற பழைய நெட்வொர்க்ல பேசினதால 2024 ஏப்ரல்ல அதுக்கெல்லாம் ஆப் நின்னு போச்சு. வண்டி நல்லாத்தான் ஓடுச்சு, போன்லருந்து ஏசி போடறதுதான் போச்சு.

போனை சேர்க்கறது

வயர்லெஸ் இருந்தாலும் முதல் தடவை கேபிள்ல போடுங்க. கேபிள்ல ஓடுச்சுன்னா போனும் சரி காரும் சரின்னு உறுதியாயிடும், அப்புறம் வயர்லெஸ்ல தகராறு வந்தா அது வயர்லெஸ் தகராறுதான்னு தெரிஞ்சு தேடலாம். கேபிள்னா கையில கிடைச்ச கேபிள் இல்லை. சார்ஜ் மட்டும் ஏத்தற கேபிள் நிறைய சுத்துது, அதுல டேட்டா லைனே இருக்காது, போன் சார்ஜ் ஆகும் ஸ்க்ரீன்ல ஒண்ணும் வராது, மணிக்கணக்கா செட்டிங்ஸ்ல தேடி களைச்சவங்களை பாத்திருக்கேன். கார்ல இருக்கற யூஎஸ்பி ஓட்டையும் அப்படித்தான், நாலு இருந்தா ஒண்ணோ ரெண்டோதான் டேட்டா போறது, அது பெரும்பாலும் முன்னாடி இருக்கும், பின்சீட்டு ஓட்டைங்க வெறும் சார்ஜுக்கு.

ஐபோன்னா குரல்ல சொன்னா கேக்கற சிரி (Siri) ஆன்ல இருக்கணும், ஆஃப் பண்ணி வெச்சிருந்தா கார்ப்ளே கிளம்பவே கிளம்பாது. போன் லாக்ல இருக்கும்போது கார்ப்ளே அனுமதிக்கவான்னு கேட்டா ஆமான்னு குடுங்க. ஸ்க்ரீன் டைம்ல கட்டுப்பாடு போட்டிருந்தீங்கன்னா அதுலயும் கார்ப்ளே தடை ஆகியிருக்கலாம். ஆண்ட்ராய்டு போன்ல, ஆண்ட்ராய்டு 10லருந்து ஆட்டோ போனுக்குள்ளயே வந்துடுது, தனியா ஆப் தேட வேண்டாம்.

கேபிள்ல ஓடினப்புறம் வயர்லெஸ். இது எப்படி நடக்குதுன்னா, போனும் காரும் முதல்ல ப்ளூடூத்ல கை குலுக்கிக்கும், அங்க கார் தன்னோட வைஃபை பேரையும் பாஸ்வேர்டையும் போனுக்கு குடுக்கும், போன் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில போய் ஒட்டிக்கும், படம் எல்லாம் அந்த வைஃபையிலதான் வரும். அதனால போன்ல ப்ளூடூத், வைஃபை ரெண்டுல எது ஆஃப்ல இருந்தாலும் வராது. பொதுவா ஆண்ட்ராய்டு 11க்கு மேல இருக்கற, 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை உள்ள போன்ல இது ஓடும், காரும் வயர்லெஸ்க்கு தயாரா இருக்கணும். விபிஎன் (நெட்டை வேற சர்வர் வழியா சுத்தி விடற ஆப்) போட்டிருந்தா ஒரு தடவை நிறுத்திட்டு பாருங்க, வயர்லெஸ் ஆட்டோ அதுல அடிக்கடி முரண்டு பிடிக்கும். பேட்டரி சேவரும் அப்படித்தான், பின்னாடி ஓடற ஆப்பை எல்லாம் அது கழுத்தை நெரிச்சிடும்.

வீட்டுல ரெண்டு பேருக்கும் போன் சேர்த்திருந்தா கார் யாரை முதல்ல பிடிக்கும்னு ஒரு பஞ்சாயத்து வரும். வீட்டு வாசல்ல நிறுத்தி வண்டியை ஆன் பண்ணினா உள்ள சமையல்கட்டுல இருக்கறவங்க போனை பிடிச்சிக்கிட்டு அவங்க பேசற காலை வண்டி ஸ்பீக்கர்ல விட்டுடும், சிரிக்காதீங்க நடக்கும். போன் லிஸ்ட்ல முன்னுரிமைன்னு ஒரு செட்டிங் பல வண்டியில இருக்கு, ஓட்டறவர் போனை மேல வெச்சிடுங்க.

வயர்லெஸ்லயும் விட்டு, வயர்லெஸ் சார்ஜர் தட்டுலயும் போனை வெச்சு, வெயிலும் அடிச்சா போன் கொதிக்கும். சூடு ஏறினதும் போன் சார்ஜை நிறுத்தும், மேப் திக்கித் திணறும். நீளமான பயணத்துக்கு நான் இன்னமும் கேபிள்தான்.

நேத்து வரைக்கும் ஓடினது இன்னைக்கு ஓடலையா? ரெண்டு பக்கமும் மறக்க வைக்கணும், அதான் மருந்து. ஒரு பக்கம் மட்டும் அழிச்சா பழைய நினைப்பு இன்னொரு பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கும். கார்ல போன் லிஸ்ட்லருந்து அழிங்க. ஐபோன்ல செட்டிங்ஸ், ஜெனரல், கார்ப்ளே போய் உங்க காரை தொட்டு மறந்துடுன்னு குடுங்க, ப்ளூடூத் லிஸ்ட்லருந்தும் எடுத்துடுங்க. ஆண்ட்ராய்டுல ஆண்ட்ராய்டு ஆட்டோ செட்டிங்ஸ்ல முன்னாடி சேர்த்த கார்கள்னு இருக்கும், அங்க அழிங்க. போனை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு புதுசா சேருங்க. பத்துல எட்டு தடவை இதோட முடிஞ்சிடும், இது என் கணக்கு.

மேப், இங்கதான் ஈவி வேற மாதிரி

பெட்ரோல் வண்டியில போன் மேப் போட்டா போதும், வண்டிக்கு அது தெரிஞ்சா என்ன தெரியாட்டி என்ன. ஈவியில அப்படி இல்லை. போன்ல ஓடற மேப்புக்கு பேட்டரியில எவ்ளோ சார்ஜ் இருக்குன்னு பல வண்டியில தெரியாது, காருக்கு நீங்க எங்க போறீங்கன்னு தெரியாது. ரெண்டும் பக்கத்து பக்கத்து வீட்டுல இருந்துக்கிட்டு பேசிக்காத சொந்தக்காரங்க மாதிரி.

இதுல நானே அடி வாங்கியிருக்கேன். நல்ல குளிர்காலம், காலையில கிளம்பி போன் மேப் போட்டுக்கிட்டு ஒரு ஃபாஸ்ட் சார்ஜருக்கு போறேன், சொருகினா சார்ஜ் எறும்பு ஊர்ற மாதிரி ஏறுது, இருபது நிமிஷத்துல முடிய வேண்டியது ஒரு மணி நேரம் ஆச்சு. சார்ஜரை திட்டினேன், பக்கத்துல இன்னொருத்தர் அதே மாடல் வண்டியை சொருகினார், அவருக்கு மளமளன்னு ஏறுது. வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு, அவர் காரோட சொந்த மேப்புல அந்த சார்ஜரை போட்டு வந்திருக்கார். சில்லுன்னு இருக்கற லித்தியம் பேட்டரிக்குள்ள அதிக கரன்ட்டை திணிச்சா லித்தியம் உள்ள இருக்கற ஆனோட்ங்கற மின்முனை மேல உலோகமா படிஞ்சு செல் கெட்டு போகும், அதனால கார் தானா வேகத்தை குறைச்சிடும். சொந்த மேப்புல சார்ஜரை போட்டீங்கன்னா கார் போற வழியிலயே பேட்டரியை சூடு பண்ணிக்கிட்டு போகும், ப்ரீகண்டிஷனிங்னு சொல்வாங்க. போன் மேப்ல போனா காருக்கு சார்ஜருக்கு போறோம்ங்கறதே தெரியாது, எதை வெச்சு சூடு பண்ணும்? கார்ப்ளே வேணாம்னு சொல்ற கம்பெனிகள் முன்னாடி வைக்கற வாதம் இதுதான், பணம் பண்ற ஆசையும் கூட இருக்குன்னு நான் நினைக்கறேன், அது வேற கதை.

அதனால என் வழக்கம் இது. ஊருக்குள்ள சுத்தறதுக்கு போன் மேப். வழியில ஃபாஸ்ட் சார்ஜ் போட வேண்டிய பயணத்துக்கு காரோட சொந்த மேப், பாட்டு மட்டும் போன்லருந்து. ரெண்டு மேப்பையும் ஒண்ணா ஓட விடலாம்னு நினைக்காதீங்க, பல வண்டியில போன்ல வழிகாட்டல் ஆரம்பிச்ச நிமிஷம் காரோட மேப் தானா நின்னுடும், ப்ரீகண்டிஷனிங்கும் அதோட போச்சு, ஒரு வார்த்தை கூட சொல்லாது. சில வண்டியில ப்ரீகண்டிஷனிங்குக்கு தனியா பட்டனே இருக்கு, உங்க மெனுவுல சார்ஜிங் பக்கத்துல தேடி பாருங்க, இருந்தா இந்த தலைவலியே இல்லை.

நிலைமை கொஞ்சம் கொஞ்சமா மாறுது. போர்ஷே டைக்கான், ஃபோர்டு மஸ்டாங் மாக்-ஈ மாதிரி சில வண்டிகள்ல காரே பேட்டரி விவரத்தை ஆப்பிள் மேப்ஸுக்கு குடுக்கும், அது எங்க நின்னு சார்ஜ் போடணும்னு சொல்லும். எல்லா வண்டிக்கும் ஓடற மாதிரி வேணும்னா ஏ பெட்டர் ரூட்பிளானர்னு ஒரு ஆப் இருக்கு, அதை செஞ்ச கம்பெனியை 2023ல ரிவியன் வாங்கினாங்க, உங்க மாடலை சொல்லிட்டா எத்தனை சதவீதத்துல போய் சேருவீங்கன்னு கணக்கு போட்டு குடுக்கும். கிளம்பறதுக்கு முந்தின நாள் ராத்திரி அதுல ஒரு தடவை பாத்துட்டு, அது சொன்ன சார்ஜரை கார் மேப்புல போட்டுக்கறது நல்ல பழக்கம்.

சார்ஜ் டைமர்

இதை சுருக்கமா சொல்றேன், ஆனா "ராத்திரி பூரா சொருகியிருந்தேன், காலையில பாத்தா ஏறவே இல்லை"ங்கற புகாருக்கு பெரும்பாலும் இதான் காரணம். சார்ஜ் எப்ப ஆரம்பிக்கணும்னு காரோட மெனுவுலயும் போடலாம், கம்பெனி ஆப்லயும் போடலாம், சுவத்துல மாட்டின சார்ஜர்லயும் போடலாம். கார்ல ஒரு நேரம் சார்ஜர்ல ஒரு நேரம்னு போட்டா ஒண்ணு குடுக்கும்போது இன்னொண்ணு வாங்காது. ஒரே இடத்துல மட்டும் போடுங்க, மத்ததெல்லாம் ஆஃப். தினசரி லிமிட் 80 சதவீதம்னு கார்ல வெச்சிடுங்க. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரின்னா கதை வேற, சில கம்பெனி வாரம் ஒரு தடவை 100 வரைக்கும் ஏத்த சொல்லும், உங்க மேனுவல் என்ன சொல்லுதோ அதான்.

போனே சாவி

வசதிதான், பழகிட்டா விட முடியாது. ஆனா இது எந்த வகைன்னு தெரிஞ்சுக்கோங்க. ப்ளூடூத்ல ஓடறதுன்னா பாக்கெட்ல போன் இருந்தாலே கதவு திறக்கும், ஆனா ரெண்டு திருடங்க நடுவுல நின்னு சிக்னலை நீட்டி விட்டு ஏமாத்த வழி இருக்கு. யூடபிள்யூபி (அல்ட்ரா வைட்பேண்ட் ரேடியோ)ன்னா சிக்னல் போய் வர்ற நேரத்தை வெச்சு தூரத்தையே அளக்கும், ஏமாத்தறது ரொம்ப கஷ்டம். என்எஃப்சி (ரொம்ப கிட்ட வெச்சாத்தான் பேசற ரேடியோ)ன்னா போனை கதவுல ஒட்டி காட்டணும். ஐபோன் வாலட்ல போட்ட கார் சாவி, சார்ஜ் தீந்து போன் அணைஞ்சாலும் 5 மணி நேரம் வரைக்கும் என்எஃப்சில வேலை செய்யும் மாடல்கள் இருக்கு. கம்பெனி ஆப்ல ஓடற சாவிக்கு அந்த வசதி கிடையாது, போன் செத்தா சாவியும் செத்துச்சு. வண்டியோட கூட குடுக்கற சாவி கார்டை பர்ஸ்ல வெச்சிக்கோங்க, வண்டிக்குள்ள வெக்காதீங்க. வண்டிக்குள்ள வெச்சிட்டு வெளிய நின்னவரு யாருன்னு கேக்காதீங்க.

ஆண்ட்ராய்டு போன்ல அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்கிடுங்க, இல்லைன்னா ராத்திரி போன் அதை தூங்க வெச்சிடும், காலையில கதவு முன்னாடி நின்னு ஆப்பை திறந்தாத்தான் வண்டி எழுந்துக்கும். வண்டியை ஓட்ட ரகசிய நம்பர் (PIN) கேக்கற செட்டிங் இருந்தா போட்டு வைங்க.

அப்டேட்

போன் அப்டேட் மாதிரின்னு நினைச்சு எப்ப வேணா அமுக்காதீங்க. டவுன்லோடு ஆகும்போது ஓட்டலாம், இன்ஸ்டால் ஆகும்போது வண்டி நகராது, அரை மணியும் ஆகலாம் ரெண்டு மணியும் ஆகலாம். நாளைக்கு காலையில சீக்கிரம் கிளம்பணும்னா இன்னைக்கு ராத்திரி அமுக்காதீங்க, ரெண்டு நாள் கழிச்சு போட்டா ஒண்ணும் குடி முழுகிடாது. வீட்டு வைஃபை எட்டினா அதுல சேர்த்து வைங்க, பெரிய அப்டேட்டை சில வண்டி சிம்ல இறக்காது.

இன்னொண்ணு பலருக்கு தெரியாது. இவ்ளோ பெரிய பேட்டரி கீழ இருந்தாலும் ஸ்க்ரீன், கதவு லாக், கம்ப்யூட்டர் எல்லாம் பெரும்பாலான வண்டியில பழைய மாதிரி ஒரு குட்டி 12 வோல்ட் பேட்டரியிலதான் ஓடுது. அது வீக்கா இருந்தா அப்டேட் பாதியில நிக்கும், சம்பந்தமே இல்லாத எச்சரிக்கை எல்லாம் வரிசையா வரும். பெரிய பேட்டரியில 70 சதவீதம் இருக்க வண்டி கதவே திறக்காம நின்ன கதை எல்லாம் இதனாலதான்.

அப்டேட்டை தள்ளிக்கிட்டே போறதும் தப்பு. டெஸ்லா 2012லருந்து வண்டிக்கு காத்து வழியா அப்டேட் அனுப்புது, இப்ப ரீகால், அதாவது குறை இருக்கற வண்டியை கம்பெனியே சரி பண்ணி குடுக்கற வேலை, சிலது பல கம்பெனியில அப்படித்தான் முடியுது. ஆனா சாஃப்ட்வேரால எல்லாம் சரியாகாது, 2021ல சுமார் 1,35,000 மாடல் எஸ், மாடல் எக்ஸ் வண்டிகளை டெஸ்லா திரும்ப கூப்பிட வேண்டி வந்துச்சு, ஸ்க்ரீனுக்கு பின்னாடி இருந்த 8 ஜிபி மெமரி சிப் எழுதி எழுதியே தேஞ்சு போய் ரிவர்ஸ் கேமரா கூட வராம போச்சு. பழைய வண்டி பாக்கறவங்க ஸ்க்ரீன் போர்டு மாத்தியாச்சான்னு கேக்கறது இதுக்குத்தான்.

ஸ்க்ரீன் உறைஞ்சு போனா பதறாதீங்க. மோட்டார், பிரேக், ஸ்டியரிங் எல்லாம் வேற கம்ப்யூட்டர், ஸ்க்ரீன் செத்தாலும் வண்டி ஓடும். ஓரமா நிறுத்திட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, டெஸ்லாவுல ஸ்டியரிங்ல இருக்கற ரெண்டு உருளையையும் சேர்த்து அமுக்கி பிடிக்கணும், பல வண்டியில வால்யூம் பட்டனை பத்து பதினஞ்சு செகண்ட் அமுக்கி பிடிச்சா போதும். உங்க வண்டிக்கு எதுன்னு இப்பவே மேனுவல்ல பாத்து மனசுல வெச்சிக்கோங்க, நடுரோட்டுல தேட முடியாது.

புதுசா வாங்கினவங்களுக்கு ஆப்பை அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து பாக்கற வியாதி வரும், எனக்கும் வந்துச்சு. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் தூங்கற வண்டியை எழுப்பறீங்க. ஏர்போர்ட்ல ஒரு வாரம் நிறுத்திட்டு தினமும் இருபது தடவை பாத்தீங்கன்னா திரும்பி வரும்போது சில சதவீதம் காணாம போயிருக்கும். உங்க வண்டி அக்கவுன்ட்டோட பேசற வேற கம்பெனி ஆப்களும் இதையேதான் செய்யும்.

கான்டாக்ட், மெசேஜ் எல்லாம் காருக்கு குடுக்கவான்னு கேக்கும்போது யோசிச்சு குடுங்க. சொந்த வண்டின்னா பரவால்ல, வாடகை வண்டியில வேண்டாம்னு குடுங்க, இறங்கும்போது போன் பேரையும் அழிச்சிட்டு இறங்குங்க. முன்னாடி ஓட்டினவங்க நம்பர் எல்லாம் அப்படியே கிடக்கற வண்டி எனக்கே ரெண்டு தடவை வந்திருக்கு. ஆப்புக்கும் ரெண்டு கட்ட சரிபார்ப்பு போட்டு வைங்க. 2016ல நிஸான் லீஃப் ஆப்ல வண்டியோட அடையாள நம்பர் மட்டும் தெரிஞ்சா யாரு வேணா ஏசியை போட முடியும்னு வெளிய வந்து, கம்பெனி அந்த சேவையையே கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சாங்க. அந்த நம்பர் கண்ணாடிக்கு பின்னாடி எல்லாரும் பாக்கற மாதிரி எழுதியிருக்கற நம்பர்.

வண்டியை விக்கும்போது வரிசை முக்கியம். முதல்ல போன்ல இருக்கற டிஜிட்டல் சாவியையும், மத்தவங்களுக்கு குடுத்த சாவியையும் நீக்குங்க. ரெண்டாவது கார் மெனுவுல ஃபேக்டரி ரீசெட். மூணாவது கம்பெனி ஆப்ல வண்டியை உங்க அக்கவுன்ட்லருந்து எடுங்க, சில கம்பெனியில இதுக்கு வாங்கறவர் ஈமெயில் கேக்கும். மூணாவதை முதல்ல செஞ்சிட்டீங்கன்னா சில வண்டியில ரீசெட் பண்ணவே ஓனர் அக்கவுன்ட் கேட்டு நிக்கும், வாங்கறவர் பக்கத்துல நின்னு கடிகாரத்தை பாத்துக்கிட்டு இருப்பார்.